ஒரே ஜோடி மாடும் இரண்டு வண்டிகளும்

எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் என் பாட்டனார் காலத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, களத்திலிருந்து நெல் மூட்டைகளைக் கொண்டுவரவும் வயலுக்கு எரு அடிக்கவும் பயன்பட்ட பார வண்டி. மற்றொன்று, கல்யாணங்களுக்கும் திருவையாற்று உற்சவத்துக்கும் வீட்டாரை ஏற்றிச் சென்ற, இரும்புப் பட்டை வில்களின்மேல் அமர்ந்த வில்வண்டி. வண்டிகள் இரண்டாயினும், இரண்டு ஜோடி மாடுகளைக் கட்டித் தீனி போடும் வசதி எங்களுக்கு இல்லாமையால், இரண்டையும் ஒரே ஜோடிதான் இழுத்தது. மூட்டைகளோடு அடிமேல் அடி வைத்து நடந்த அதே காளைகள், மறுநாள் விடியற்காலையில் வில்வண்டியில் பூட்டப்பட்டவுடன், கழுத்து மணி கலகலக்க ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டம் பிடித்ததைச் சிறு பிராயத்தில் பலமுறை கண்டு வியந்திருக்கிறேன். மாடுகள் மாறவில்லை, அவற்றின் பலமும் ஒரே இரவில் பெருகிவிடவில்லை. அப்படியானால் அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தபின், கார் வாங்கப் புறப்பட்ட என் தமையனார் மகன் ஒருவன் அந்தக் கேள்வியை வேறு உருவத்தில் என்முன் கொண்டுவந்து வைத்தான்.

"சித்தப்பா, ஒரு கார் வீட்டுக்கு ஏற்றதாயிருக்கிறது, இன்னொன்று மனசுக்கு ஏற்றதாயிருக்கிறது, எதை வாங்குவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான் அவன். முதலாவது, ஐவர் அமர்ந்து மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொள்ளக்கூடிய, எல்லாக் காரியத்துக்கும் உதவும் அடக்கமான வாகனம். இரண்டாவது, தரையோடு தாழ்ந்து, 100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினைத் தாங்கி, நிற்கும்போதே பாய்வதுபோலத் தோன்றும் வாகனம். விவேகம் ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் இழுக்கும்போது பெரியவர்கள் விவேகத்தின் பக்கம் நின்று உபதேசம் செய்வதே வழக்கம். ஆனால், ஆசையை அற்பமென்று தள்ளிவிடாமல் அது எதை விரும்புகிறது என்று அளந்து பார்ப்பதே அறிவியலுக்கு அழகு என்று எண்ணுகிறவன் நான். ஆகையால் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினேன்.

முதலில், உற்சாகம் என்பது யாது? வேகமே உற்சாகம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வேகத்தை நேராக உணரும் கருவி எதுவும் மனித சரீரத்தில் இல்லை. தஞ்சாவூரில் திண்ணையில் சாய்ந்திருப்பவரைப் பூமியின் சுழற்சி மணிக்கு ஏறத்தாழ 1640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுமந்து செல்கிறது. அவரோ வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். நம் உட்செவியில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்களும், சுண்ணாம்புச் சத்தாலான நுண்படிகங்களைத் தாங்கிய இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்பும்போது குழல்களிலுள்ள திரவம் பின்தங்குகிறது. உடல் முன்னே தள்ளப்படும்போது படிகங்கள் பின்தங்குகின்றன. அந்தப் பின்தங்குதலையே நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. ஆகவே நம் உடல் உணர்வது வேகத்தை அன்று, வேகம் மாறுவதையே. இதனை முடுக்கம் என்கிறோம். வில்வண்டி புறப்படும்போது பாட்டியார் பின்பக்கம் சாய்ந்து சட்டத்தைப் பற்றிக்கொண்டாரே, அந்தக் கணமே உற்சாகத்தின் கணம். அதன்பின் ஒரே சீராக ஓடும் ஓட்டத்தைச் செவி மறந்துவிடுகிறது.

செவி மறப்பதைக் கண் ஓரளவு ஈடுசெய்கிறது. சாலையின் தரை நம்மை நோக்கி வந்து பின்னே ஓடும் விரைவைக் கொண்டே கண் வேகத்தை ஊகிக்கிறது. அந்தத் தோற்ற விரைவோ, வாகனத்தின் வேகத்தைக் கண் இருக்கும் உயரத்தால் வகுத்தால் வருவது. தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும்படி தாழ்ந்த காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குத் தரை எவ்வளவு விரைவாக ஓடுவதாகத் தோன்றுமோ, அதே விரைவு, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் உயரமான வாகனத்தில் 90 கிலோமீட்டரில்தான் தோன்றும். உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவர் தாம் மெதுவாகச் செல்வதாக நம்பிக்கொண்டே அபாயமான வேகத்தை எட்டிவிடுவதற்கும், தாழ்ந்த கார் நிதானமான வேகத்திலும் சிலிர்ப்பைத் தருவதற்கும் இதுவே காரணம்.

இனி, நம் சாலைகள் எவ்வளவு சக்தியைக் கேட்கின்றன என்று பார்ப்போம். கல்லணையில் பிரிந்து காவிரியாகவும் வெண்ணாறாகவும், பின்னர் அவற்றின் கிளைகளான குடமுருட்டியாகவும் அரசலாறாகவும் வெட்டாறாகவும் பரவிக் கடலைத் தேடும் நீர், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சமவெளியில்தான் நடக்கிறது. மலையேறும் சிரமம் இங்கு எந்த வாகனத்துக்கும் இல்லை. எதிர்த்து நிற்பவை சக்கரம் உருள்வதிலுள்ள தடையும் காற்றின் தடையுமே. 1000 கிலோகிராம் எடையுள்ள ஒரு சாதாரணக் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுவதற்கு இவ்விரு தடைகளையும் வெல்ல ஏறத்தாழ 6 குதிரைத்திறன் போதும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 120 கிலோமீட்டர் வேகத்தில் தேவை ஏறக்குறைய 28 குதிரைத்திறனாகிறது. அய்யம்பேட்டையையும் பாபநாசத்தையும் கடந்து கும்பகோணத்துக்குச் செல்லும் பழைய சாலையில், பேருந்துகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் நெல் ஏற்றிய டிராக்டர்களுக்கும் நடுவே 60 கிலோமீட்டரே தாராளமான வேகம் என்பதை அவ்வழி போனவர்கள் அறிவார்கள். அங்கே 100 குதிரைகளை வைத்திருப்பவர், 94 குதிரைகளை லாயத்தில் கட்டிவைத்து 6 குதிரைகளோடுதான் பிரயாணம் செய்கிறார்.

அப்படியானால் மிகுதிச் சக்தி வீணா என்றால், அதுவும் இல்லை. அதே காரை நின்ற நிலையிலிருந்து 10 வினாடியில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரச் சராசரியாக 19 குதிரைத்திறன் செலவாகும். 5 வினாடியில் கொண்டுவர 37 வேண்டும். தடைகளை வெல்லும் செலவு இதற்குமேல். செவிக்கு உற்சாகத்தைத் தருவதும், மெதுவாகச் செல்லும் டிராக்டரைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்தில் நாம் கழிக்கும் அபாயமான வினாடிகளைக் குறைப்பதும் இந்த மிகுதியே. ஆனால் இக்கணக்கில் ஓர் இரகசியம் உண்டு. முடுக்கத்தை நிர்ணயிப்பது சக்தி மட்டும் அன்று, சக்தியை எடையால் வகுத்து வரும் ஈவு. எடையைப் பாதியாக்கினால் அதே முடுக்கத்துக்குப் பாதிச் சக்தி போதும். ஒரு ஜோடி மாடு நாள் முழுதும் உழைத்துத் தரக்கூடியது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் என்பர். அந்த ஒன்றுதான் மூட்டைகளின் கீழ் நடையாகவும் வில்வண்டியின்முன் ஓட்டமாகவும் வெளிப்பட்டது.

வில்வண்டி என்ற பெயரிலேயே அடுத்த பாடம் அடங்கியிருக்கிறது. பார வண்டியில் அச்சின்மேல் சட்டம் நேராக அமர்ந்திருப்பதால் வழியிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். வில் என்பது அந்த இடியை வாங்கி, மெல்லிய ஊசலாக மாற்றித் தருவது. வாகனத்தின் எடையால் வில் எவ்வளவு தாழ்கிறதோ அதைக்கொண்டு ஊசலின் விரைவைக் கணிக்கலாம்: 4 சென்டிமீட்டர் தாழும் விறைத்த வில் வினாடிக்கு ஏறத்தாழ 2.5 முறை ஊசலாடும். 25 சென்டிமீட்டர் தாழும் இளகிய வில் வினாடிக்கு ஒரு முறையே ஆடும். மனித உடலை மிகுதியாக வருத்துவது வினாடிக்கு 4 முதல் 8 முறை நிகழும் அதிர்வு. ஆகவே குடும்பக் கார்களின் வில்களை 1 முதல் 1.5 வரையிலான விரைவுக்கு இளக்கி அமைக்கிறார்கள். ஆனால் இளகிய வில் வளைவில் உடலைச் சாயவிடுகிறது, திருப்பும் கட்டளையைத் தாமதமாக நிறைவேற்றுகிறது. பந்தயக் குணமுள்ள கார் வில்லை விறைக்கவைத்து, இடிபடும் துன்பத்தை விலையாகக் கொடுத்துக் கீழ்ப்படிதலைப் பெறுகிறது. சௌகரியமும் சாமர்த்தியமும் ஒரே வில்லின் இரு முனைகள். ஒன்றை இழுத்தால் மற்றொன்று வளையும்.

டெல்டாவின் மண்ணும் இதில் பங்கு கொள்கிறது. காவிரி கொண்டுவந்து படிவித்த களிமண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுதி. ஏடு ஏடாக அமைந்த அதன் நுண்துகள்களிடையே நீர் புகுந்து ஏடுகளை விலக்குவதால், மேட்டூர் அணை திறந்து வாய்க்கால்கள் நிறையும்போது மண் பருக்கிறது. கோடையில் வயல்கள் பாளம் பாளமாக வெடிக்கும்போது சுருங்குகிறது. அதன்மேல் இட்ட சாலையும் ஆண்டுக்கு ஆண்டு அசைந்து, கண்ணுக்குப் புலப்படாத நீண்ட அலைகளாக உருமாறுகிறது. 12 மீட்டருக்கு ஓர் அலையாக அமைந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை வினாடிக்கு 1.4 முறை சாலை தூக்கிப் போடும். அதுவே இளகிய வில்லின் இயற்கையான ஊசலும் ஆகையால், ஊஞ்சலைத் தாளத்தோடு உந்தினாற்போல் ஆட்டம் பெருகும். இதனைத் தணிப்பது ஷாக் அப்சார்பர். நம் பகுதியில் கார் வாங்குகிறவர் எஞ்சினின் பெருமையை விசாரிப்பதற்குமுன் இதனை விசாரிப்பது உத்தமம்.

இந்தத் தேர்வு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950களின் இறுதி முதல் 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசடர், ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபிறவி. நெடுங்காலம் அதன் இதயமாயிருந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டராயிருக்க, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 88.9 மில்லிமீட்டர். இப்படி நீண்ட வீச்சுடைய எஞ்சின், பிஸ்டன் அளவுமீறிய வேகத்தில் ஓட நேருமாகையால் அதிவிரைவாகச் சுழல இயலாது. ஆனால் மெதுவான சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசையைத் தரும். சேற்றுழவுக்கு ஏற்ற மாட்டைப்போல, அது அவசரப்படாது, சளைக்கவும் செய்யாது. அறுவரோ எழுவரோ அமர, மேலே ஜமக்காள மூட்டைகளும் பாத்திரங்களும் கட்டப்பட, கல்யாண வீடுகளுக்கு அது சென்ற காட்சியைத் தஞ்சை ஜில்லாவில் அறியாதார் இல்லை.

அதற்கு எதிரே, நம் சென்னையிலேயே ஓர் உற்சாகமான வாகனம் பிறந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961இல் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டாண்டுகளுக்குமுன் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வழித்தோன்றல். உருவத்தை வரைந்தவர் இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. 948 கன சென்டிமீட்டர் எஞ்சினே ஆயினும், 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டமாகத் திரும்பிவிடும் லாகவம் அதற்கு இருந்தது; சன்னிதித் தெருக்களின் குறுகிய முனைகளில் இது எத்தகைய சௌகரியம் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அதன் பின்சக்கரங்கள், நடுவிலிருந்து இறக்கைகள்போல் மேலும் கீழும் அசையும் ஊசல் அச்சுகளில் அமைந்திருந்தன. வளைவில் கடும் வேகத்தோடு திரும்பினால் காரின் பின்பகுதி எழும்பும், வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடங்கும், பிடிப்புத் திடீரென்று நழுவும். இத்தகைய அச்சையுடைய ஓர் அமெரிக்கக் காரைக் கண்டித்தே வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் தம் புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்தை எழுதினார். ஹெரால்டின் வழியில் 1970களில் வந்த கஸெல் என்ற காரில் சென்னைப் பொறியாளர்கள் ஊசல் அச்சை நீக்கிவிட்டு, விறைத்த ஒற்றை அச்சை வைத்தனர். லாகவத்தில் சிறிது குறைத்து ஸ்திரத்தைக் கூட்டிய அந்த முடிவு, விவேகமும் உற்சாகமும் ஒரே தொழிற்சாலையில் நடத்திய உரையாடல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம் நிலத்துக்கே உரிய மூன்று பரீட்சைகள் உள்ளன. முதலாவது, வாய்க்கால்களின்மேல் நடு உயர்ந்து நிற்கும் சிறு பாலம். முன்சக்கரமும் பின்சக்கரமும் இருபுறமும் இறங்கியிருக்க, பாலத்தின் நடு முதுகு காரின் வயிற்றைத் தொடுமா என்பது கேள்வி. பாலம் 5 மீட்டர் ஆரமுடைய வில்லாக வளைந்திருக்குமானால், சக்கர இடைவெளி 2.5 மீட்டராயுள்ள காருக்கு அந்த முதுகு 15.9 சென்டிமீட்டர் எழும்பி நிற்கும், 2.1 மீட்டராயுள்ள குட்டைக் காருக்கு 11 சென்டிமீட்டரே எழும்பும். ஆகையால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. எவ்வளவு நீளம் என்பது மறு பாதி.

இரண்டாவது, அறுவடைக் காலத்துச் சாலை. களம் போதாமல் சாலையிலேயே நெல்லைக் காயவைப்பதும் வைக்கோலைப் பரப்புவதும் இங்கு வழக்கம். உலர்ந்த தாரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் கார், பிடிப்புப் பாதியாகும் இடத்தில் 40 மீட்டர் ஓடியே நிற்கும். அதற்குமுன் மனம் விழித்துக் கால் அழுத்துவதற்குள் கழியும் ஒரு வினாடியில் ஓடும் 17 மீட்டர் வேறு. அன்றியும், தாழ்ந்த காரின் அடியில் பல நூறு டிகிரி சூடேறிய புகைக்குழாயை வைக்கோல் தொட்டுத் தீப்பற்றும் அபாயமும் மெய்யானது.

மூன்றாவது, ஐப்பசி கார்த்திகையின் வெள்ளம். காரின் அடித்தளப் பரப்பு 5 சதுர மீட்டர் என்று கொண்டால், நீர் உள்ளே புகுமுன் அடித்தளத்துக்குமேல் 10 சென்டிமீட்டர் ஏறியவுடனே அது 500 கிலோகிராம் எடையைத் தாங்கிவிடுகிறது. ஒரு டன் காரின் சக்கரங்கள் தரையை அழுத்தும் பலம் பாதியாகிறது. ஓடும் நீர் அதைப் பக்கவாட்டில் தள்ள அதிகம் சிரமப்படாது. காற்றை உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் நீர் புகுமானால், காற்றைப்போல் நீர் அமுங்காதாகையால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். வெள்ளத்தின்முன் எந்தக் காருக்கும் வீரம் வேண்டாம், நின்றுவிடுவதே அறிவு.

இத்தனையும் கணக்கிட்டபின் என் மகனைப் போன்ற அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான்: விவேகமும் உற்சாகமும் பல இடங்களில் ஒன்றையொன்று எதிர்க்கின்றன, ஆனால் ஓரிடத்தில் இரண்டும் கைகோக்கின்றன, அந்த இடம் இலேசு. இலேசான கார் குறைந்த எண்ணெயில் ஓடும், டயரை அதிகம் தேய்க்காது, சிறிய எஞ்சினோடும் துள்ளும், கையின் கட்டளையைத் தாமதமின்றிக் கேட்கும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இதனை நாடறிய நிரூபித்தது. 796 கன சென்டிமீட்டரும் மூன்று சிலிண்டருமே உடைய அதன் எஞ்சின் 40 குதிரைத்திறனுக்கும் குறைவாகவே தந்தது. ஆனால் காரின் எடை சுமார் 650 கிலோகிராம். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையை 50 குதிரைத்திறன் அளவில் இழுத்த அம்பாசடருக்கு டன்னுக்கு ஏறத்தாழ 45 குதிரைகள் கிடைக்க, இந்தச் சிறிய காருக்கோ 60-ஐ நெருங்கிய பங்கு கிடைத்தது. வீட்டுச் செலவைக் கருதி வாங்கியவர்கள் வாலிபத்தின் துள்ளலையும் கூடவே பெற்றார்கள். நால்வர் ஏறியவுடன் அந்த மேன்மை பெரிதும் சுருங்கிவிடும் என்பதும் உண்மை. இலேசான வண்டிக்குச் சுமை உடனே தெரியும். மோதலில் இலேசான வாகனமே பெரிய அதிர்ச்சியை ஏற்கிறது என்பதும், வெள்ளத்தில் அதுவே முதலில் மிதக்கும் என்பதும் மறைக்கத்தகாதவை. ஆகவே உறுதியான கூட்டையும் உயிர்காக்கும் சாதனங்களையும் குறைத்துப் பெறும் இலேசை நான் சொல்லவில்லை. வேண்டாத பருமனையும் வீண் அலங்காரத்தையும் நீக்கிப் பெறும் இலேசையே சொல்கிறேன்.

ஒரு மாதம் முழுதும் தான் போய்வரும் பிரயாணங்களை ஒரு நோட்டில் குறித்துவரும்படி அவனிடம் சொன்னேன். வயலுக்கும் அரிசி ஆலைக்கும் போனது, தாயாரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டது, ஒருமுறை நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனது என்று பக்கங்கள் நிறைந்தன. 80 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தை வேண்டிய பிரயாணம் அதில் ஒன்றுகூட இல்லை. அவன் கடைசியில் வாங்கியது, முதலில் பார்த்த இரண்டு கார்களில் எதுவும் அன்று. ஐவர் அமரக்கூடியதும், அவ்விரண்டைவிட இலேசானதும், சற்றே விறைத்த வில்களை உடையதுமான மூன்றாவது ஒன்று.

அந்தக் கார் இப்போது பழைய வண்டிக் கொட்டகையில்தான் நிற்கிறது. மேலே விட்டத்தில் பாட்டனார் காலத்து நுகத்தடி இன்னும் தொங்குகிறது. இரண்டு வண்டிகளுக்கும் அந்த ஒரு நுகத்தடிதான். அதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், சிறு வயதில் எழாமற்போன கேள்விக்கு இப்போது எனக்கு விடை கிடைக்கிறது. அந்தக் காளைகளுக்கு எப்போதும் ஓடத் தெரிந்திருந்தது. சுமையை இறக்கிவைப்பதுதான் எங்கள் வேலையாயிருந்தது.